பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா?

புதிய ஏற்பாட்டு நிருபங்களில் ரோமர் 3:28-ல் பவுல், நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள், அதாவது செயல்கள், இல்லாமல் விசுவாசத்தினாலே மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார்; யாக்கோபு 2:24-ல் யாக்கோபு, விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறார். இரண்டும் மோதவில்லை, இருவரும் கண்டிக்கும் ஆட்கள்தான் வேறு. பவுல், விருத்தசேதனத்தையும் நியாயப்பிரமாணத்தையும் காட்டி மேன்மை பாராட்டுகிறவர்களைப் பார்த்து எழுதுகிறார். யாக்கோபுக்கு எதிரே நிற்பவர்கள் வேறு ரகம்: உடுத்தத் துணியும் அன்றாடச் சாப்பாடும் இல்லாத சகோதரனிடம், போய்க் குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள். எனக்கு அந்த இடம் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுத்து ஒப்பிட்டதால்தான் குழம்பியிருப்பீர்கள்.

எபேசியர் 2:8-10-ஐ நிறுத்தாமல் படித்துப் பாருங்கள். 9-ம் வசனம் பெருமைக்கு இடமில்லை என்கிறது, அடுத்ததே நற்கிரியைகளுக்காகப் படைக்கப்பட்டோம் என்கிறது. அப்புறம், இருவருமே உதாரணம் காட்டும் ஆபிரகாம்: ரோமர் 4 ஆதியாகமம் 15-ஐ, அவர் தேவனை விசுவாசித்த இடத்தை எடுக்கிறது; யாக்கோபு ஆதியாகமம் 22-ஐயும், மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய இடத்தையும் எடுக்கிறார்.

ஆனால் யாக்கோபு பவுலுக்கே மறுப்பு எழுதினார் என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.