வாக்குச்சீட்டும் குழந்தையின் எடையும்

அன்புள்ள ஐயா,

மருத்துவமனை, மருந்து, நல்ல குடிநீர் இருந்தால் மக்கள் நலமாக இருப்பார்கள். வாக்குரிமையும் உயிர் காக்கும் என்று நீங்கள் எழுதியது மிகையாகப் பட்டது. போட்டித் தேர்தலே இல்லாத கியூபா குழந்தை இறப்பைக் குறைத்துக் காட்டவில்லையா?

க.

அன்புள்ள க.,

மருந்தும் குடிநீரும்தான் உயிர் காக்கின்றன, மறுக்கவில்லை. அவை யார் வீட்டு வாசல்வரை வருகின்றன என்பதே என் கேள்வி.

பிரேசிலில் 1994 தேர்தல்வரை, சட்டமன்ற வேட்பாளரின் பெயரையோ எண்ணையோ வாக்காளரே தாளில் எழுத வேண்டும். எழுத்து கைவராத ஏழைகளின் சீட்டுகள் கொத்துக் கொத்தாகச் செல்லாமல் போயின. பிறகு இயந்திரம் வந்தது. தொலைபேசியில் இருப்பது போன்ற எண்பொத்தான்கள். எண்ணை அழுத்தினால் வேட்பாளரின் முகம் திரையில் தெரியும்; அவரேதான் என்றால் பச்சைப் பொத்தான். 1998இல் பெரும்பாலான மாநிலங்களில் 40,500க்கு மேல் வாக்காளர்கள் உள்ள நகராட்சிகளுக்கு மட்டுமே இயந்திரம் கிடைத்தது, மற்ற ஊர்களில் தாள்தான். ஆகவே ஒப்பிட முடிந்தது. தாமஸ் ஃபுஜிவாரா என்ற பொருளியலாளர் ஒப்பிட்டார். ஏழைகளின் வாக்குகள் எண்ணிக்கையில் சேர்ந்த பின் மாநில அரசுகள் சுகாதாரத்துக்குக் கூடுதலாகச் செலவிட்டன. படிக்காத தாய்மார்கள் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு அதிகமுறை சென்றார்கள். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் அவர்களிடையே குறைந்தன. ஒரு பச்சைப் பொத்தானுக்கும் ஒரு சிசுவின் எடைக்கும் இடையே இப்படியொரு பாதை இருக்கிறது என்பது இன்றும் என்னை நெகிழ வைக்கிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பெண்களுக்கு வாக்குரிமை வந்த மாநிலங்களில் உள்ளூர்ச் சுகாதாரச் செலவு உயர்ந்து, குழந்தை இறப்பு 8 முதல் 15 சதவீதம் குறைந்ததாகப் பொருளியலாளர் கிராண்ட் மில்லரின் ஆய்வு சொல்கிறது. நாடு முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற்ற மறு ஆண்டே, 1921இல், தாய்சேய் நலத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. பெண்கள் ஒரே அணியாகத் திரண்டு வாக்களிப்பதில்லை என்று அரசியல்வாதிகள் கண்டுகொண்டதும் அக்கறை தளர்ந்தது. 1929இல் அந்தச் சட்டத்தைக் காலாவதியாக விட்டார்கள்.

கியூபாவின் சாதனை உண்மையானது. மனம் வைத்த ஆட்சி நிறையவே செய்யும். சீனாவும் கிராமம் கிராமமாகச் சுகாதாரப் பணியாளர்களை அனுப்பி மக்களின் ஆயுளை நீட்டியது. ஆனால் 1959 முதல் 1961 வரை பட்டினியால் அங்கே கோடிக்கணக்கானோர் மாண்டதும் அதே ஆட்சியில்தான். விளைச்சல் பெருகியதாக அதிகாரிகள் மேலிடத்துக்குப் பொய்க் கணக்கு அனுப்பினார்கள். அதை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. அமர்த்திய சென் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இதைத்தான்: அதைக் கேள்வி கேட்கச் சுதந்திரமான பத்திரிகையோ எதிர்க்கட்சியோ அங்கே இல்லை. பட்டினி மூன்று ஆண்டுகள் நீடித்தது.