மறதிநோய் ஆய்வில் அம்மாவைச் சேர்க்கலாமா? கரையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

முதுமை, மறதிநோய், பார்க்கின்சன் ஆகியவை குறித்த மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். இராமநாதபுரம் கரையோரத்திலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் முதலாவதற்குத்தான் நீளமான பதில் தேவைப்பட்டது.

அம்மாவுக்கு மறதிநோய் என்று மதுரையில் சொன்னார்கள். புது மருந்து ஆய்வில் சேர்க்கலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் நான் கையெழுத்துப் போட்டால் போதுமா? (தங்கச்சிமடம்)

போதாது. மறதிநோய் என்று தெரிந்த அன்றே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்துவிடுவதில்லை. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களில் பலர், நிதானமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். அந்தத் திறன் இருக்கிறதா என்று ஆய்வு மருத்துவர் முதலில் மதிப்பிட வேண்டும். இருந்தால் ஒப்புதல் உங்கள் அம்மாவுடையது. அவர் கைநாட்டு வைக்கலாம். படிக்கத் தெரியாதவர் என்பதால், ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் விளக்கம் தொடங்கி முடியும்வரை கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். ஆய்வில் வேலை பார்க்கும் நர்சோ ஒருங்கிணைப்பாளரோ அந்தச் சாட்சியாக முடியாது.

திறன் இல்லை என்றால்தான் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதியாக நீங்கள் கையெழுத்திடுவீர்கள். அப்போதும் அம்மாவிடம் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. ஊசியைக் கண்டு அவர் கையை இழுத்துக்கொண்டால் அதுவும் மறுப்புதான். அதைப் பார்த்து, எழுதிவைத்து, மருத்துவரிடம் சொல்வது ஒருங்கிணைப்பாளரின் கடமை.

நம் ஊர்ப் பெரியவர்கள் "டாக்டர் சொன்னால் சரிதான்" என்று சொல்லிவிடுவார்கள். அது மரியாதை, ஒப்புதல் ஆகாது. கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். சிலருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கிடைக்கும், யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாமல் இருக்கலாம் என்பது புரிந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள். பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். காலை நேரத்தில் பேசச் சொல்லுங்கள். கையெழுத்தான படிவத்தின் நகலையும், ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் சொல்கின்றன. இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் அம்மாவைச் சேர்க்காதீர்கள்.

புது ஊசி போட்டால் அப்பாவுக்கு நினைவு திரும்புமா? (தொண்டி)

திரும்பாது. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனேமாப் என்ற ஊசி மருந்து, ஆரம்பநிலை அல்சைமர் மோசமாகும் வேகத்தை ஓரளவு குறைக்கிறது, அவ்வளவுதான். மூளையில் வீக்கமோ சிறு ரத்தக்கசிவோ வரக்கூடும் என்பதால் இடையிடையே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். ஆய்வில் சேர்த்தால் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர் ஒருங்கிணைப்பாளராகவே இருந்தாலும், நம்பாதீர்கள்.

மதுரையில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கடல் தொழில் செய்த பெரியவர்களிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேட்கலாமா? (பாம்பனைச் சேர்ந்தவர்)

கூடாது. உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒரு விதமாகவும் சென்னையில் இருப்பவர் வேறு விதமாகவும் கேட்டால், அந்த மதிப்பெண்ணுக்குப் பொருளே இருக்காது. குறிப்புக் கொடுப்பதும் தவறு. பக்கத்தில் உட்கார்ந்து பதில் எடுத்துக் கொடுக்கும் மருமகளை அன்போடு வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள்.

குறை பெரியவரிடம் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. நினைவையும் சிந்தனையையும் அளக்கும் மோகா என்ற சோதனையில் 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறார்கள். பென்சிலையே பிடித்திராத கைக்கு அந்த ஒன்று எம்மாத்திரம்? ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இதே சிக்கல் வந்தபோது, எழுத்தறிவில்லாதவர்களுக்கென்றே இந்தியில் தனிச் சோதனையை உருவாக்கி 1995-இல் வெளியிட்டார்கள். உங்கள் ஆய்வுக்கு எந்தத் தமிழ் வடிவம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, அது பள்ளிக்குப் போகாதவர்களிடம் சோதித்துப் பார்க்கப்பட்டதா என்று முதன்மை ஆய்வாளரிடம் எழுத்தில் கேளுங்கள். படிக்காத காரணத்தால் எத்தனை பேர் ஆய்வுக்குத் தேர்வாகாமல் நின்றுபோகிறார்கள் என்று கணக்கு வைத்து அதையும் கொடுங்கள். மருந்து வந்தபின் அதைச் சாப்பிடப்போகிறவர்களில் இவர்களும் உண்டு. ஆய்வில் இவர்கள் இல்லாமல் போவது அநியாயம்.

சோதனைக்கு முன் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு குடும்பத்தாரிடம் தனியே பேசும் பகுதியில் பொறுமை காட்டுங்கள். தேதியில் தடுமாறுகிற பெரியவர் அமாவாசைக்கு எத்தனை நாள் என்று பிசகாமல் சொல்வார். வலை பொத்தும்போது கண்ணி தவறுகிறதா, ஏலக் கணக்கு குழம்புகிறதா, பழகிய கரையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறாரா? பாசி எடுக்கப் போன பாட்டி என்றால், கூடப் போகிற பெண்களுக்கு என்ன வித்தியாசம் தெரிகிறது? அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே மூல ஆவணத்தில், அதாவது முதன்முதலில் பதிவுசெய்யும் ஏட்டில், எழுதுங்கள்.

தாத்தா இரவில் கத்துகிறார், வெளியே ஓடுகிறார். ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடலாம் என்கிறார்கள் உறவினர்கள். (சாயல்குடி)

தொழுகைக்கும் வேண்டுதலுக்கும் தர்காவுக்குப் போவதில் தடை ஒன்றுமில்லை. விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. திடீரென்று வந்த குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் உப்புக் குறைவோ, மருந்தின் பக்கவிளைவோ காரணமாக இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மெல்ல மெல்ல வந்தது என்றாலும் பி12, தைராய்டு பரிசோதனைகள் முதலில். ஆய்வு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

அத்தாவுக்குப் பார்க்கின்சன், ஓர் ஆய்வில் இருக்கிறார். நோன்பு வைக்க ஆசைப்படுகிறார். (கீழக்கரை)

ரமலான் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். லெவோடோபா மாத்திரையை நீங்களாக நிறுத்தினாலோ நேரத்தை மாற்றினாலோ ஆபத்து. முடிவை மருத்துவர் அத்தாவோடு பேசி எடுக்கட்டும்.

நர்சிங் படித்திருக்கிறேன். ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு வரலாமா? (மண்டபம்)

தாராளமாக. நர்சிங், பார்மசி, உயிரியல் படித்தவர்கள் வருகிறார்கள். ஜி.சி.பி. எனப்படும் நற்பரிசோதனை நெறிப் பயிற்சியை முதலில் முடியுங்கள். ஒப்புதல் ஆவணங்கள், வருகை அட்டவணை, ரத்த மாதிரி, மருந்துக் கணக்கு எல்லாம் உங்கள் கையில் இருக்கும். கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொலைபேசி அழைப்பு முதலில் உங்களுக்குத்தான் வரும். இப்போதைக்கு மதுரை, சென்னைப் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் கிராமங்களில் முதுமையில் மூளை குறித்த நீண்டகால ஆய்வு நடந்துவருகிறது; நம் கரையிலும் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

வேலைக்குச் சேர்ந்தால் ஒன்றைச் செய்யுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் மகன்கள் அப்போது கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. துணைக்கு வருகிறவர் தேவைப்படும் நீண்ட பரிசோதனைகளை அந்த நாட்களில் வைக்க முடியுமா என்று முதல் வருகையிலேயே கேளுங்கள். பஸ் செலவை அன்றைக்கே கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.