ஒரு பல் போதுமா?

கேள்வி: எகிப்து அரசி ஹாட்ஷெப்சுட்டின் பதப்படுத்தப்பட்ட உடலை ஒரே ஒரு பல்லை வைத்து அடையாளம் கண்டார்கள் என்று மகள் பள்ளியில் கேட்டுவந்து சொல்கிறாள். நம்பலாமா? (வாசகி, தக்கலை)

பதில்: மகள் சொன்னது சரிதான், ஆனால் அந்த முடிவை எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1903-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர், பண்டைய எகிப்து மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கில் திறந்த ஒரு சிறிய கல்லறையில் இரண்டு பெண்களின் உடல்கள் இருந்தன. ஒன்று பெட்டிக்குள், மற்றொன்று, பருத்த உடலும் மார்பின்மீது மடங்கிய இடக்கையுமாக, வெறுந்தரையில். அந்தத் தரையில் கிடந்தவர்தாம் இருபது ஆண்டுகளுக்குமேல் எகிப்தை ஆண்ட அரசி என்று 2007-இல் எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸின் குழுவினர் அறிவித்தனர்.

சான்று, 1881-இல் அந்தப் பள்ளத்தாக்குக்கு அருகிலுள்ள டெய்ர் எல்-பஹ்ரியில் வேறு பல அரச உடல்களோடு கிடைத்த சிறிய மரப்பெட்டி. அரசியின் பெயர் பொறித்த அப்பெட்டிக்குள் பதப்படுத்திய உள்ளுறுப்போடு கடைவாய்ப் பல் ஒன்றும் இருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டியது, தரையில் கிடந்த பெண்ணின் மேல்தாடையிலோ ஒரு பல் இல்லை, அதன் வேர் மட்டும் எலும்பில் தங்கியிருந்தது. பல் பிடுங்கும்போது வேர் முறிந்து உள்ளேயே நின்றுவிடுவதை நாகர்கோவில் பல் மருத்துவர்கள் எவரும் அறிவார்கள். அளவுகளும் பொருந்தின.

மறுப்பும் பல்லிலேயே இருக்கிறது. மேல்தாடைக் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள் இருக்க, பெட்டியிலுள்ளது இரண்டு வேர்கொண்ட கீழ்த்தாடைப் பல் என்கிறார்கள் ஐயமுடையோர். எனக்கு இந்த வாதம் வலுவானதாகவே படுகிறது. ஆகவே 'பெரும்பாலும் அவர்' என்பதைவிடக் கூடுதலாகச் சொல்லத் தயங்குகிறேன்.