ட்ரக் பயிற்சிக்குப் போன கணவர் பேசுவதில்லை: பதில்

வணக்கம் சகோதரி. உரிமம் பெற்று, பயிற்றுநருடன் ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ட்ரக் ஓட்டும் உங்கள் கணவர் தொலைபேசியில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். அன்பு குறைந்துவிட்டதென்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். ஒன்ராறியோவில் 2017 முதல் கட்டாயமாக உள்ள 103.5 மணிநேரப் பயிற்சி, உரிமத் தேர்வுக்குத்தான் ஒருவரை ஆயத்தப்படுத்துகிறது. முழுச் சுமையோடு மலைச்சாலையில் இறங்குவதை, பக்கத்தில் ஓர் அந்நியர் அமர்ந்து தம் ஒவ்வொரு பிரேக்கையும் கவனித்துக்கொண்டிருக்க, அவர் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார். அந்தச் சிறிய கேபினில் அவர் உங்களிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பயிற்றுநரின் காதில் விழும். அப்படியிருக்க மனம்விட்டு எப்படிப் பேசுவார்?

வீட்டு விடயங்களை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பி வையுங்கள். சட்டப்படி 13 மணிநேரம் ஓட்டியபின் தொடர்ந்து 8 மணிநேரம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும் என்பதால், அந்த ஓய்வின் தொடக்கத்தில் அவர் குளித்துச் சாப்பிட்டபின், ட்ரக்கை விட்டு இறங்கித் தனியே நடந்தபடி உங்களை அழைக்கச் சொல்லுங்கள். வன்கூவரில் இரவு ஒன்பது என்றால் உங்களுக்கு நள்ளிரவு. ஆகவே தினமும் விழித்திருக்காமல், வாரத்தில் இரண்டு நாட்களை இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். வீட்டைத் தனியே சுமக்கும் உங்கள் களைப்பையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.