வெந்நீருக்கு பேட்டரி எதற்கு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாடியில் சோலார் பேனல், 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, இன்வெர்ட்டர் மூன்றும் இருக்கின்றன. விளக்கும் ஃபேனும் நன்றாக ஓடுகின்றன. 2,000 வாட் கீசரைப் போட்டால் மட்டும் சிறிது நேரத்திலேயே இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுபோகிறது. இன்னொரு பேட்டரி சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய மூன்றரை யூனிட் வேண்டும். உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 12 × 150 = 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சட்டென்று குறையும். ஆக, கைக்கு வருவது 0.9 யூனிட். அதுவும் மெதுவாக எடுத்தால்தான். 150 ஏஎச் என்பதே வழக்கமாக ஏழரை ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுப்பதை வைத்துச் சொல்லும் அளவு. உங்கள் கீசரோ, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வோல்டேஜ் சரிகிறது, இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. இன்வெர்ட்டரில் பழுது ஏதும் இல்லை.

சாதாரண பேனல், தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். சோலார் வாட்டர் ஹீட்டரில் வெயிலை வாங்கித் தண்ணீரைச் சூடாக்கும் பாகமான வெந்நீர் கலெக்டர், அதே வெயிலில் பாதியையாவது சூடாகவே தண்ணீருக்குள் இறக்கிவிடும். சதுர மீட்டருக்கு நாளொன்றில் 5 யூனிட் வெயில் விழுகிற இடத்தில், 2 சதுர மீட்டர் கலெக்டர் பாதியைப் பிடித்தாலே 5 யூனிட் கிடைக்கும். உங்கள் 100 லிட்டருக்கு அது தாராளம். காப்பு சுற்றிய டேங்க்தான் அங்கே பேட்டரி. வெளி மின்சாரம் இல்லாமல் வாழ நினைப்பவர்கள், சூடாக்குகிற வேலையை முதலில் மின்சாரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் பேட்டரியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

கேள்வி: புதிதாக சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டோம். பம்பு இல்லாமல் தானாகச் சுற்றும் வகை. நல்ல வெயிலிலும் டேங்க் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. கலெக்டரைத் தொட்டால் கை சுடுகிறது. என்ன கோளாறு?

பதில்: சூடு கலெக்டர் வரை வந்துவிட்டது, டேங்குக்குப் போகவில்லை. மதியம் 12 மணிக்கு மாடி ஏறுங்கள். கலெக்டரின் மேல்முனையிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயைக் கவனமாக, லேசாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். கலெக்டர் பக்கம் கொதித்து, டேங்க் பக்கம் ஆறிப்போயிருந்தால் ஓட்டமே இல்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் காற்று அடைப்பு.

சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறுகிறது, குளிர்ந்தது கனமாகிக் கீழே இறங்குகிறது. அந்தச் சிறிய எடை வித்தியாசம்தான் இதை ஓட்டும் ஒரே விசை. தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகப் பிரியும். குழாய் எங்காவது மேடாக வளைந்து மறுபடி இறங்கினால், அந்த மேட்டில் குமிழிகள் சேர்ந்து வழியை மூடிவிடும். குழாய் கலெக்டரிலிருந்து டேங்க் வரை ஏறுமுகமாகவே போக வேண்டும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது ஏற்றம் கொடுங்கள். பார்வைக்கு நேராக இருக்கட்டும் என்று மட்டமாகப் போட்ட குழாய், நடுவில் தொய்ந்தாலே கெட்டது. கலெக்டர் வாயின் அளவைவிடச் சிறிய குழாய் வேண்டாம். கூர்மையான எல்போவுக்குப் பதில் நீள வளைவு போடுங்கள்.

டேங்கின் அடிப்பாகம் கலெக்டரின் மேல்விளிம்பைவிட 30 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் இரவில் ஓட்டம் தலைகீழாகி, பகலில் சேர்ந்த சூட்டைக் கலெக்டரே வானத்துக்கு விட்டுவிடும். விடிவதற்கு முன் அதே மேல்குழாயைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் இதுதான் நடக்கிறது.

மேலே எல்லாம் சரியாக இருந்தும் குளியலறையில் மட்டும் தண்ணீர் ஆறி வந்தால், மிக்ஸர் குழாய்களைப் பாருங்கள். சூடு, குளிர் இரண்டு பிடியையும் திறந்துவைத்து, ஷவர் முனையில் மட்டும் அடைத்தால், குளிர்ந்த நீர் மிக்ஸர் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். இரண்டு பிடியையும் மூடும் பழக்கம் போதும்.

கேள்வி: எங்கள் தண்ணீர் கடும் உப்பு. கண்ணாடிக் குழாய் ஹீட்டர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், சுத்தம் செய்ய மனம் இருந்தால். கடின நீர் சூடாகச் சூடாக சுண்ணாம்பு அதிகம் பிரியும். 60 டிகிரிக்கு மேல் வேகம் கூடும். கண்ணாடிக் குழாயில் அது அடியில் வண்டலாகத் தங்கும், கழுவி எடுத்துவிடலாம். தட்டைக் கலெக்டரின் மெல்லிய செம்புக் குழாய்களில் அடைத்தால் சிட்ரிக் அமிலக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், கலெக்டரைத் துணியால் மூடிவிட்டு ஓட்ட வேண்டும். உப்பு மிக அதிகமென்றால், கலெக்டருக்குள் ஒரே திரவம் மூடிய வட்டத்தில் சுற்றி, டேங்குக்குள் இருக்கும் சுருள் வழியாகச் சூட்டை மட்டும் கொடுக்கும் வகையை வாங்குங்கள். உறைபனி விழும் ஊருக்கும் இதுவே ஏற்றது. அங்கே அந்தத் திரவத்தில், உறையாமல் காக்கும் கிளைகால் கலந்திருக்க வேண்டும்.

டேங்குக்குள் மக்னீசியம் கம்பி இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். டேங்குக்குப் பதிலாக அது கரைகிறது. மெலிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

காலியான கண்ணாடிக் குழாய் வெயிலில் காய்ந்திருக்கும்போது தண்ணீர் திறக்கவே கூடாது. உடனே வெடிக்கும். விடியற்காலையில் நிரப்புங்கள்.

கேள்வி: கண்ணாடிக் குழாய் ஹீட்டரில் ஒரு குழாயின் அடிமுனையில் இருந்த வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்துவிட்டது. ஆபத்தா?

பதில்: ஆபத்து இல்லை. அந்தப் பளபளப்பு பேரியம் பூச்சு. வெளுத்தால், இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே காற்று புகுந்து வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் குழாய் இனி சூட்டைப் பிடித்துவைக்காது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: வெந்நீரைப் பிரித்துவிட்டோம். மீதித் தேவை நாளுக்கு 3 யூனிட். முழுக்க சோலாரில் ஓட எவ்வளவு பேனல், எவ்வளவு பேட்டரி?

பதில்: ஆண்டிலேயே வெயில் குறைந்த மாதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அந்த மாதத்தில் முழு வெயிலுக்குச் சமமாக 3 மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூசி, சூடு, வயர், பேட்டரி இழப்பு எல்லாம் போக 70 சதவீதம் கைக்கு வரும் என்றால், 3 ÷ (3 × 0.7), அதாவது ஒன்றரை கிலோவாட் பேனல். வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க 6 யூனிட் சேமிப்பு வேண்டும்: லெட் ஆசிடில் 12 யூனிட் கொள்ளளவு, 80 சதவீதம் வரை இறக்கக்கூடிய லித்தியத்தில் ஏழரை.

பேனல்களைத் தொடராக இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை. லேபிளில் உள்ள வோல்டேஜ் 25 டிகிரிக்கானது. பேனல் குளிர்ந்தால் அது ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 0.3 சதவீதம். எதையும் இணைக்காத திறந்த நிலையில் 50 வோல்ட் காட்டும் மூன்று பேனல்கள் 5 டிகிரி குளிர்காலையில் 159 வோல்ட் கொடுக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும், 150 வோல்ட் வரை தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலர் அன்றைக்கே எரிந்துபோகலாம். அந்த கன்ட்ரோலருக்கு இரண்டிரண்டாகத் தொடர்களைப் போட்டு, அந்தத் தொடர்களைப் பக்க இணைப்பாகக் கொடுங்கள்.