விழித்திரை ஆராய்ச்சி சோறு போடுமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, உங்கள் மகள் பி.எஸ்ஸி. உயிர்வேதியியல் முடிக்கப் போகிறாள். கண்ணுக்குள் ஒளியை உணரும் படலமான விழித்திரையின் செல்களை, அவற்றின் வளர்சிதைப் பொருள்கள் (செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளில் உருவாகும் சிறு பொருள்கள்) எப்படிக் காக்கின்றன என்று ஆராய ஆசைப்படுகிறாள். அது கண் டாக்டர் படிப்பா, சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கண் டாக்டர் படிப்பு இல்லை. அவள் நோயாளியைப் பார்க்கவே மாட்டாள்.

சோற்றுக்கு வருமுன், அவளை ஈர்த்தது எது என்று பார்ப்போம். உடம்பிலேயே ஆக்சிஜனை மிக அதிகம் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. போதாததற்கு அதன்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது. எளிதில் கெடும் கொழுப்பும் அங்கே ஏராளம். பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிக்குமே, ஏறக்குறைய அதே வேதிவினைதான் அந்தக் கொழுப்பையும் கெடுக்கிறது. அதைத் தடுக்கச் செல் தானே தயாரிக்கும் பொருள்களில் ஒன்று குளுட்டாதயோன். செல்லைக் கெடுக்கும் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றிவிட்டுத் தான் செயலிழந்து நிற்கும். அதை மறுபடி எழுப்ப, செல்லிலேயே உருவாகும் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் வேண்டும்; குளுக்கோஸைச் செலவழித்துத்தான் அதில் பெரும்பங்கு கிடைக்கிறது. விழித்திரையைக் காக்கும் டாரின் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. உணவில் அது இல்லாத பூனைகளின் விழித்திரை சிதைந்துபோவதை 1975-இல் கண்டுபிடித்தார்கள். இதைப் படித்துவிட்டு ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் எனக்கு வியப்பில்லை.

ஆனால் அன்றாட வேலை வேறு மாதிரி. ஏஆர்பிஇ-19 என்று ஒரு செல் வரிசை, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் விழித்திரை நிறமிச் செல்கள், உண்டு. விபத்தில் இறந்த 19 வயது இளைஞர் ஒருவரின் கண்ணிலிருந்து வளர்த்தது. 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் அந்தச் செல்களை வளர்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, பிறகு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும்; எவ்வளவு செல்கள் பிழைத்தன என்று அதை வைத்துக் கணிப்பார்கள். பூஞ்சை புகுந்தால் பல நாள் உழைப்பு குப்பைக்கு. மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பொறுமை இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். மதிப்பெண்ணைவிட எனக்கு அதுதான் பெரிது.

இனிச் சோறு. எம்.எஸ்ஸி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிய ஐந்தாண்டாவது ஆகும். நிரந்தரப் பேராசிரியர் பணியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியைக் கையாளவும் அது தரும் எண்களைக் கணினியில் அலசவும் பழகிவிட்டால், மருந்து நிறுவனங்களின் கதவும் திறக்கும். வீட்டுக்கு உடனே அவள் சம்பளம் வேண்டும் என்ற நிலை இருந்தால், அதை மறைக்காமல் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முடிவை இன்றே எடுக்க வேண்டியதில்லை. மதுரையில் அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. மாணவர் திட்டப்பணிக்கு இடம் உண்டா என்று கேட்டு எழுதலாம். அந்தக் கடிதத்தை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவளே எழுதட்டும்.