ஓய்வூதியத் துறையில் பட்டதாரிப் பயிற்சி: லண்டனா, லீட்ஸா?

லண்டன் ஹாரோவில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிய கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய மகளுக்கு வயது 21. இங்கிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவர். கணிதத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் பட்டம் பெற்றிருக்கிறார். ஓய்வூதியத் துறையில் இரண்டு நிறுவனங்கள் அவருக்குப் பட்டதாரிப் பயிற்சியிடம் தர முன்வந்துள்ளன. ஒன்று லீட்ஸில் உள்ள ஆலோசனை நிறுவனம். அங்கே ஆக்சுவரி பயிற்சியாளராகச் சேர வேண்டும். ஓய்வூதியம், காப்பீடு போன்றவற்றில் பின்னாளில் தர வேண்டிய தொகைகளைக் கணக்கிட்டு மதிப்பிடுபவரே ஆக்சுவரி. மற்றது லண்டனில் இருக்கிறது. கடிதத்தில் ‘ஓய்வூதியப் பட்டதாரிப் பயிற்சித் திட்டம்’ என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள். லண்டனில் சம்பளம் சில ஆயிரம் பவுண்டு கூடுதல், வீட்டிலிருந்தே போய்வரலாம். இதற்கிடையில், “கம்பெனிகள் எல்லாம் பென்ஷன் நிதியங்களை மூடிக்கொண்டு வருகின்றன, அந்தத் துறைக்குப் பிள்ளையை அனுப்புவானேன்?” என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். எதை ஏற்பது, துறைக்கு எதிர்காலம் உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் உறவினர்களின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. தனியார் நிறுவனங்கள் ஒரு காலத்தில் வழங்கிய இறுதிச் சம்பள ஓய்வூதியம், அதாவது பணியாற்றிய ஆண்டுகளையும் சம்பளத்தையும் வைத்து ஆயுள் முழுவதும் இவ்வளவு தருகிறோம் என்று உறுதி கூறிய முறை, இன்று புதிய ஊழியர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு நிதியத்தை மூடுவது என்றால் புதியவர்களைச் சேர்ப்பதையோ, இருப்பவர்களுக்கு மேலும் உரிமை சேர்வதையோ நிறுத்துவது என்றுதான் பொருள். ஏற்கெனவே கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. அறுபதில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கில் 20 ஆண்டுகள் பணியாற்றி, 30,000 பவுண்டு சம்பளத்தில் விலகியவருக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு ஓய்வூதியம் உரியது. அது அவர் ஓய்வு பெறும் நாள் வரை விதிப்படி உயர்ந்துகொண்டும் போகும். அவருக்கு இப்போது 40 வயது என்றால், 65இல் வாங்கத் தொடங்கி 90 வரை வாழ்ந்தால், அவருடைய கோப்பை இன்னும் 50 ஆண்டுகளுக்கு யாராவது பராமரிக்க வேண்டும். அவருக்குப் பின் துணைவருக்கான ஓய்வூதியமும் பெரும்பாலும் உண்டு. உங்கள் மகள் வேலையிலிருந்து ஓய்வு பெறும்போதும் இன்று மூடப்பட்டிருக்கும் நிதியங்கள் பலவற்றில் ஓய்வூதியம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

இந்த வேலையைக் குறையவிடாமல் வைத்திருப்பவை சட்டங்களும் தீர்ப்புகளும்தான். 1991இல் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்த பிறகு, அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியங்களிலிருந்து 400 மில்லியன் பவுண்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது தெரியவந்தது. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதன் விளைவு. அடுத்த பெரிய சட்டம் 2004இல் வந்தது. பிரைட்டனில் உள்ள ஓய்வூதிய ஒழுங்குமுறை அமைப்பும், முதலாளி நிறுவனம் நொடித்துப்போனால் ஊழியர்களைக் காக்கும் ஓய்வூதியப் பாதுகாப்பு நிதியமும் 2005இல் அதன்படி செயல்படத் தொடங்கின. குறைந்தபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிதியமும் தன் கடப்பாட்டையும் சொத்தையும் மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயமும் அந்தச் சட்டத்தின் வழியே வந்ததுதான். தீர்ப்பு ஒன்று எவ்வளவு வேலை கொண்டுவரும் என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 1978 முதல் 1997 வரை அரசின் கூடுதல் ஓய்வூதியத்துக்குப் பதிலாகத் தனியார் நிதியங்கள் ஒரு குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் தந்தன. அது ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு வயதில், வெவ்வேறு அளவில் கணக்கிடப்பட்டது. 1990 மே 17 முதல் சேர்ந்த பலன்களில் இந்த வேறுபாட்டைச் சமன்செய்தே ஆக வேண்டும் என்று லாய்ட்ஸ் வங்கி நிதிய வழக்கில் 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று தொடங்கிய மறுகணக்கு பல நிதியங்களில் இன்னும் முடியவில்லை. பழைய பதிவேடுகளைத் தேடியெடுத்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உறவினர்கள் சொல்லாத, ஆனால் உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டிய மாற்றம் வேறொன்று. 2022 முதல் வட்டி விகிதங்கள் உயர்ந்ததால், எதிர்காலத்தில் தர வேண்டிய தொகைகளின் இன்றைய மதிப்பு குறைந்தது. பற்றாக்குறையில் இருந்த நிதியங்கள் பல மிகைநிலைக்கு வந்தன. எனவே நிறுவனங்கள் தங்கள் நிதியத்தின் முழுப் பொறுப்பையும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மொத்தமாக விலை கொடுத்து மாற்றிவிடுவது, துறையில் ‘பை-அவுட்’ எனப்படுவது, வேகமெடுத்திருக்கிறது. இதனால் வேலை மறையாது, ஆனால் இடம் மாறும். ஆலோசனை நிறுவனத்தில் தொடங்குகிறவர் பத்து ஆண்டுகளில் லீகல் அண்ட் ஜெனரல், அவிவா போன்ற காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக நேரலாம். அங்கே இதே கணக்கறிவுக்கு நல்ல விலை உண்டு. இன்னொரு பக்கம், ஊழியர்களை நிறுவனமே ஓய்வூதியத்தில் தானாகச் சேர்க்க வேண்டும் என்று 2012 அக்டோபரில் தொடங்கிய கட்டாயச் சேர்க்கைக்குப் பின், தனித்தனி சேமிப்புக் கணக்கு வகை ஓய்வூதியம் பெருகிவிட்டது. அதில் வாக்குறுதி எதுவும் கிடையாது. சேர்ந்த பணமும் முதலீட்டு ஈட்டமும்தான் பலன். அங்கே ஆக்சுவரிகளுக்கு வேலை குறைவு. முதலீட்டு வடிவமைப்பு, உறுப்பினர் தொடர்பு, நிர்வாகம் ஆகியவற்றுக்கு ஆள் தேவை அதிகம்.

இனி இரண்டு வாய்ப்புகளைப் பார்க்கலாம். லீட்ஸ் வேலை என்னவென்று அதன் பெயரே சொல்கிறது. உங்கள் மகள் நிதியங்களின் மதிப்பீட்டுக் கணக்குகளைச் செய்வார். அவர் செய்ததை இன்னொருவர் சரிபார்ப்பார். அதை மூத்தவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே, உறுப்பினர்களுக்காக நிதியத்தைப் பொறுப்பேற்று நடத்தும் அறங்காவலர் குழுவுக்குப் போகும். முதல் ஆண்டில் இந்தச் சரிபார்ப்பு மன உளைச்சலாகத் தோன்றலாம். ஆனால் அடுத்தவர் பார்க்கும்படி கணக்கை ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கம் இந்தத் துறையில் வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பாகப் பிடிபடாது.

கூடவே தேர்வுகளும் வரும். அவற்றை நடத்துவது ஆக்சுவரிகளின் தொழில்முறை நிறுவனம். 1848இல் லண்டனிலும் 1856இல் எடின்பரோவிலும் தோன்றிய இரு சங்கங்கள் 2010இல் இணைந்து உருவானது. எழுத்துத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும் நடக்கும். புள்ளியியல், நிதிக் கணிதம், பொருளியல் என்று தொடங்கி, தொழில் நடைமுறைக்கும் ஓய்வூதியச் சிறப்புப் பாடங்களுக்கும் போகும். முதலில் இணை உறுப்பினர், பிறகு முழு உறுப்பினர் என இரண்டு நிலைகள். முழு உறுப்பினராக ஐந்தாறு ஆண்டுகள் பிடிப்பது சாதாரணம். அதற்கு மேலும் ஆகலாம். ஒரு தாளில் தவறுவதும் அவமானமான செய்தி அல்ல, நல்ல மாணவர்கள் பலர் தவறியிருக்கிறார்கள். உங்கள் மகள் படித்த பல்கலைக்கழகப் பாடங்கள் அங்கீகாரம் பெற்றவையாக இருந்தால் தொடக்கத் தாள்கள் சிலவற்றில் விலக்கு கிடைக்கும். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

லண்டன் வேலை எதுவென்று அதன் பெயரிலிருந்து தெரியவில்லை, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ‘ஓய்வூதியப் பட்டதாரிப் பயிற்சி’ என்ற தலைப்பில் நிர்வாகப் பயிற்சியும் வரலாம், அறங்காவலர் குழுவுக்கான செயலகப் பணியும் வரலாம், சேமிப்பு வகை ஓய்வூதிய ஆலோசனையும் வரலாம், இவை எல்லாவற்றிலும் ஆறு ஆறு மாதம் இருத்திப் பழக்கும் நல்ல ஏற்பாடும் வரலாம். நிர்வாகம் என்றால் இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒருவர் இறந்ததும் விதவைக்கு எவ்வளவு, விவாகரத்தில் ஓய்வூதியத்தை எப்படிப் பிரிப்பது, வேறு நிதியத்துக்கு மாற்றினால் எவ்வளவு என்ற கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்தவருக்கு நிதிய விதிகள் தெரிகிற அளவுக்கு ஆக்சுவரிகள் பலருக்கே தெரியாது. ஒவ்வொருவரும் தம் ஓய்வூதியங்கள் அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்கும் ‘டாஷ்போர்டு’ வசதியில் நிதியங்கள் இணைவதற்கு 2026 அக்டோபர் 31 கடைசி நாள் என வைத்திருப்பதால், தரவைத் துப்புரவாக்கத் தெரிந்த ஆட்களுக்கு நல்ல கிராக்கியும் இருக்கிறது. அங்கே படிப்புக்கு வேறு அமைப்பு: 1976இல் தொடங்கிய ஓய்வூதிய மேலாண்மை நிறுவனத்தின் சான்றிதழ்களும் பட்டயங்களும். அவை ஆக்சுவரி தேர்வுகளைவிட எளிது. ஆனால் அவை தரும் உயரமும் சம்பளமும் அதற்கேற்பவே இருக்கும். திரும்பத் திரும்ப வரும் எளிய கணக்குகள் கணினிக்கும் இந்தியாவில் உள்ள அலுவலகங்களுக்கும் போய்க்கொண்டிருப்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே லண்டன் நிறுவனத்துக்கு உங்கள் மகள் ஒரு கடிதம் எழுத வேண்டும். எந்தத் தொழில்முறைத் தகுதிக்கு நிறுவனம் பணம் கட்டுகிறது, ஒவ்வொரு தேர்வுக்கும் எத்தனை நாள் படிப்பு விடுப்பு, முந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இப்போது என்ன பணியில் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். தேவையானதை இந்த மூன்றாவது கேள்வியின் பதிலே பெரும்பாலும் சொல்லிவிடும். மழுப்பலான பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு ஒப்பந்தங்களிலும் சம்பளத்தைவிடக் கவனமாகப் படிக்க வேண்டிய பத்திகள் உண்டு. தேர்வில் தவறினால் அடுத்த முயற்சிக்குக் கட்டணம் யாருடையது, எத்தனை முறை தவறினால் படிப்பு உதவி நிற்கும், தேறத் தேறச் சம்பளம் எவ்வளவு உயரும், இடையில் விலகினால் நிறுவனம் செலவிட்ட கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பவை அவை. கடைசிப் பத்தி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். எத்தனை மாதம் பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு. லண்டனின் சில ஆயிரம் பவுண்டு கூடுதல், லீட்ஸில் இரண்டு மூன்று தேர்வு தேறியதும் வரும் உயர்வில் ஈடாகிவிடும். உண்மையான செலவு லீட்ஸின் வீட்டு வாடகைதான். அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கணிதப் பட்டம் புதிதாக இருக்கும்போதே ஆக்சுவரி தேர்வுகளைத் தொடங்குவது நல்லது. நிர்வாகத்திலிருந்து ஆக்சுவரி பக்கம் போனவர்கள் உண்டு, ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்துப் புள்ளியியல் புத்தகத்தை மறுபடி திறப்பது கடினம். எதிர்த் திசையில் போவது எளிது: தேர்வுகளைப் பாதியில் விட்டவர்களையும் துறை மதிப்போடு ஏற்றுக்கொள்கிறது. அதனால் நான் லீட்ஸ் பக்கமே சாய்வேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தேர்வு எழுத மகளுக்கே விருப்பம் இருக்க வேண்டும். நம் குடும்பங்களில் ‘ஆக்சுவரி’ என்றால் டாக்டருக்கு அடுத்தபடி ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்காக ஐந்தாறு ஆண்டுகளின் மாலைகளையும் சனி ஞாயிறுகளையும் கொடுக்கப் போகிறவர் பெற்றோர் அல்லர். மூன்று ஆண்டு பல்கலைக்கழகத் தேர்வுகளே போதும் என்று அவர் சொல்லியிருந்தால், லண்டன் நிறுவனத்தின் பதில் திருப்தியாக இருக்கும்வரை அதை ஏற்பதில் குறை ஏதும் இல்லை.

பதில் சொல்லக் கெடு நெருங்கினால் ஒரு வாரம் அவகாசம் கேட்பது இங்கே வழக்கம்தான். அதற்காக யாரும் வாய்ப்பைத் திரும்பப் பெறுவது அரிது. இரண்டையும் ஒப்புக்கொண்டு பிறகு ஒன்றைக் கைவிடுவதுதான் கூடாது. ஓய்வூதிய உலகம் சிறியது. இன்று மறுத்த நிறுவனத்தின் ஆட்களை அறங்காவலர் கூட்டங்களில் எதிரே சந்திக்க நேரும். மாணவர் விசாவில் வந்து இதே வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் வாசகர்கள், நிறுவனம் விசா ஆதரவு தருகிறதா என்பதை ஆள்தேர்வின் முதல் கட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்கள் சிலவே தருகின்றன. சம்பள வரம்புகளும் அடிக்கடி மாறுகின்றன.

கடைசியாக, எந்த வேலையை ஏற்றாலும் உங்கள் மகள் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 22 வயது ஆகாதவரை ஓய்வூதியத்தில் தானாகச் சேர்க்கும் சட்டக் கடமை நிறுவனத்துக்குக் கிடையாது. ஆனால் அவர் எழுதிக் கேட்டால் சேர்த்தாக வேண்டும், அவருடைய சம்பள நிலையில் நிறுவனமும் பங்கு செலுத்தியாக வேண்டும். சட்டப்படி மொத்தம் 8 சதவீதம், அதில் நிறுவனத்தின் பங்கு குறைந்தது 3 சதவீதம். ஊழியர் கூடுதலாகக் கட்டினால் தன் பங்கையும் கூட்டித் தரும் நிறுவனங்கள் இந்தத் துறையில் பல. எதுவரை கூட்டித் தருவார்கள் என்று கேட்டு, கட்ட முடிந்தால் அதுவரை கட்டச் சொல்லுங்கள்.